மடை வெட்டும் சத்தம்

இரவு இரண்டே கால் மணி. திரையில் 27-வது கிலோமீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் 'கையால் தோண்டுதல்' என்று கருவி எழுதியிருந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். தொப்... தொப்... ஒன்றரை, இரண்டு விநாடிக்கு ஒரு தரம். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் தொப். மண்வெட்டிதான், சந்தேகமே இல்லை. பெட்ரோல், டீசல் போகும் குழாய்ப் பாதையில் நடுராத்திரியில் மண்வெட்டி விழுந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். குழாயைத் தோண்டி எடுத்து, அதில் வால்வு பற்றவைத்து, துளைபோட்டு எண்ணெய் எடுக்கிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். ரோந்து வண்டிக்குச் சொன்னேன். காவல் நிலையத்துக்கும் சொன்னேன். நானும் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், வரப்பில் டார்ச் லைட்டைப் படுக்கவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மடை வெட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரையும் விளக்கையும் பார்த்து அவர் பயப்படவில்லை. "என்ன தம்பி, மடை வெட்டுறதுக்கா போலீசு? மூணுமுனை கரண்ட் ராத்திரிதான் வருது. நாலு மணிக்குப் போயிடும். அதுக்குள்ள நான் தண்ணி கட்டி முடிக்கணும், தள்ளுங்க" என்றார். தள்ளி நின்றோம். அவர் மண்ணை வெட்டி எதிர் வாயை அடைத்தார். கருவி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. கையால் தோண்டுதல் என்றது, கையால் தோண்டத்தான் செய்தார். எங்களுக்குத்தான் அந்த ஊரில் கரண்ட் எப்போது வரும் என்பது தெரியவில்லை.

என் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் இந்தப் பெரியவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

நான் முதலில் தொலைபேசிக்கான ஒளியிழைக் கேபிள் இணைப்பவனாக இருந்தவன். ஊரில் 'ஸ்ப்ளைசிங்காரர்' என்பார்கள். கண்ணாடி இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளையும் மெஷினில் எதிரெதிரே வைத்தால் ஒரு மின்பொறி அவற்றை உருக்கி ஒட்டிவிடும். கண்ணாடியின் மொத்தப் பருமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சாலையோரக் குழியில், தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, தூசு விழாமல் இதைச் செய்துதான் என் கை பழகியது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு எதிரி உண்டு: இழப்பு. கண்ணாடி எவ்வளவு சுத்தமானாலும் அதன் உள்ளமைப்பில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் இருக்கும். ஒளி அதில் பட்டுச் சிதறும். வானம் நீலமாகத் தெரியக் காரணமான அதே ராலே சிதறல்தான் இது. சிதறியதில் மிகச் சிறு பங்கு வந்த வழியே திரும்பும். தொலைபேசிக்காரனுக்கு அது நஷ்டம். இப்போது நான் பார்க்கும் வேலையில் அதுதான் சரக்கு.

எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்திலேயே, அதே பள்ளத்தில், ஒரு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளியிழைக் கேபிள் போகிறது. வால்வு நிலையங்களும் பம்பு நிலையங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காகப் போட்டது. 24 இழை உள்ள கேபிளில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் பிரித்தால் சில இழைகள் வேலையில்லாமல் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு முனையில் எங்கள் பெட்டி. மறுமுனை 40 கிலோமீட்டருக்கு அப்பால். இடையில் மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணாடி இழைதான் கருவி.

பெட்டியிலிருந்து ஒரு லேசர் துடிப்பு கிளம்புகிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோ விநாடி. 40 கிலோமீட்டர் போய்த் திரும்ப 400 மைக்ரோ விநாடி. முதல் துடிப்பு முழுக்கத் திரும்புவதற்குள் அடுத்ததை அனுப்பினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குழம்பிவிடும். ஆகவே விநாடிக்கு 2,500 துடிப்புக்கு மேல் அனுப்ப முடியாது. ஒவ்வொரு துடிப்பிலும் வழி நெடுகச் சிதறித் திரும்பும் ஒளியை அளக்கிறோம். மேலே மண் அதிர்ந்தால் இழை நானோமீட்டர் கணக்கில் நீளும், சுருங்கும். திரும்பும் ஒளி அலையின் கட்டம் (ஃபேஸ்) அதற்கேற்ப மாறும். பத்து மீட்டருக்கு ஒன்று என்று பார்த்தால் 40 கிலோமீட்டரில் 4,000 காதுகள். டிஏஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம், பரவல் ஒலியுணர்வு.

திரையில் அது அருவி மாதிரி மேலிருந்து கீழே வழியும். இடமிருந்து வலம் தூரம், மேலிருந்து கீழ் நேரம். சாலையில் போகும் லாரி ஒரு சாய்ந்த கோடு. ரயில் தடித்த பட்டை. ஆள் நடந்துபோனால் மெல்லிய, சாய்வு குறைந்த கோடு. ஒரே இடத்தில் ஓடும் மோட்டார் நேராக இறங்கும் கோடு. நடவுக்கு முன் சேற்றடிக்கும் காலத்தில், கேஜ் வீல் போட்ட டிராக்டர்கள் இறங்கினால் திரை பாதி வெளுத்துவிடும். மழை வந்தால் எல்லாக் காதிலும் ஒரே இரைச்சல். கோயில் திருவிழாவில் தேர் நகர்வதை நான் திரையில் பார்த்திருக்கிறேன்: கொஞ்ச தூரம் சாய்ந்த கோடு, ஒரு நிறுத்தம், மறுபடி கோடு. அந்த வருடம் தேர் எந்த முக்கில் நெடுநேரம் நின்றது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது.

கோடையில் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். முந்நூறு, நானூறு ஆடுகள் ராத்திரி முழுக்க ஒரே வயலில் கிடக்கும், எழுந்திருக்கும், இடம் மாறும். முதல் வருடம் அந்தக் குளம்புகளைக் கருவி 'பல பேர் நடமாட்டம்' என்று அலறிக்கொண்டே இருந்தது. ஆட்டுக்காரக் கீதாரியிடம் போய், அடுத்த வாரம் எந்த ஊரில் கிடை என்று கேட்டு எழுதிவந்தோம். அவர் சிரித்தார். பிறகு அவரே போன் செய்து சொல்லத் தொடங்கினார். இதற்கெல்லாம் எந்தக் கையேட்டிலும் இடமில்லை. எனக்குக் கிடைத்த மிக நல்ல தகவல்களில் பாதி இப்படி வந்தவைதான்.

இத்தனையும் கேட்கிற கருவிக்கு ஒன்று மட்டும் தெரியாது: தான் எங்கே கேட்கிறது என்பது. அதற்குத் தெரிவது கண்ணாடியின் நீளம். தரையின் நீளம் வேறு. கேபிளுக்குள் இழை கொஞ்சம் சுற்றித்தான் கிடக்கும், ஆகவே கேபிளைவிட இழை நீளம். ஒவ்வொரு இணைப்புக் குழியிலும், பின்னால் பழுது பார்க்க வேண்டுமே என்று, பத்து இருபது மீட்டர் கேபிளை வளையமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு குழி என்றால் 40 கிலோமீட்டரில் இருபது குழி. வளையங்களே 400 மீட்டர் வரை வந்துவிடும். கருவி 27,000 மீட்டர் என்று சொல்லும் இடம் தரையில் 26,500 ஆக இருக்கலாம்.

ஆகவே நடக்க வேண்டும். வேறு வழியே இல்லை. நான் திரையின் முன், லைன் வாக்கர் அண்ணன் வெளியே, காதில் போன். லைன் வாக்கர் என்பவர் தினமும் குழாய்ப் பாதையில் தன் பங்குக் கிலோமீட்டர்களை நடந்து பார்க்கிறவர். ஒவ்வொரு மார்க்கர் கல்லிலும் நின்று, இரும்புத் தகட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார். "அடிங்கண்ணே." "அடிச்சாச்சு." "வரலண்ணே, இன்னும் ரெண்டு அடிங்க." "வந்துச்சா?" "வந்துருச்சு." அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை ஒரு நோட்டில் எழுதுவார், கண்ணாடி மீட்டரை நான் எழுதுவேன். வளையம் இருக்கும் குழியின் மேல் அடித்தால் விசித்திரமாக இருக்கும்: இருபது மீட்டர் இழையும் ஒரே குழியில் கிடப்பதால் இருபது மீட்டரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி துள்ளும். அதைப் பார்த்துத்தான் வளையத்தின் நீளத்தைக் கழிப்போம். ஈரமான இறுகிய மண்ணில் ஒரே அடியில் தெரியும். ஆற்றுப் படுகைப் பக்கம், காய்ந்த மணலில், ஐந்தாறு அடி அடித்தாலும் முனகல்தான் வரும். எங்கே மண் சத்தத்தை விழுங்குகிறது என்பதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்வோம்.

ஒரு முறை சாலை அகலப்படுத்தும் வேலையில் கேபிள் அறுந்தது. அறுந்த இடம் வரை எங்களுக்குக் கேட்டது. அதற்கப்பால் வெறும் கருப்பு. அன்றிரவே இணைத்தார்கள், நல்ல இணைப்பு, இழப்பு மிகக் குறைவு. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இணைத்தவர்கள் இரண்டு பக்கமும் புதிதாகக் கேபிள் சேர்த்து வளையம் போட்டதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து ஓர் அலாரம். ரோந்துக்காரர்கள் எங்கள் எண்ணை நம்பிப் போய், ஆற்றின் இக்கரையில் விளக்கடித்துத் தேடினார்கள். தோண்டியவர்கள் அக்கரையில் இருந்தார்கள். பாலத்தைச் சுற்றிப் போவதற்குள் ஓடிவிட்டார்கள். குழாய் வரைக்கும் தோண்டியிருந்தார்கள். நல்லவேளையாகத் துளை போடவில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபம் என் மேலேதான். மறுநாளே மறுபடி சம்மட்டியை எடுத்தோம். அதிலிருந்து, யார் எந்தக் குழியைத் திறந்து மூடினாலும் அன்றே சம்மட்டி அடி நடக்க வேண்டும் என்று விதி போட்டோம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. அது என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது.

கருவியை வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: எதையும் தவறவிடாதே என்பார்கள். அப்படியே அமைத்தோம். எறும்பு ஊர்ந்தாலும் சொல்லும் அளவுக்கு உணர்திறனை ஏற்றினோம். விளைவு, ஒரு ஷிப்டில் உட்கார்ந்திருக்கிற பையன் விடாமல் அலாரத்தை அணைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் அப்படி இருந்தால் கை தானாகவே பட்டனுக்குப் போகும். அறுவடைக் காலத்தில் ஒரு பகல். ஒரு இடத்தில் 'இயந்திரத் தோண்டல்' என்று வந்தது. அந்தப் பக்கம் காலையிலிருந்து அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால், அதுதான் என்று அவன் அணைத்துவிட்டான். உண்மையில் அங்கே ஒரு ஜேசிபி வடிகால் வெட்டிக்கொண்டிருந்தது. தற்செயலாக அந்த வழியே வந்த லைன் வாக்கர் அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, வண்டியின் முன்னால் கைகளை விரித்து நின்று நிறுத்தினார். வாளியின் பல் பட்டுக் குழாயின் பிளாஸ்டிக் பூச்சு ஒரு முழ நீளத்துக்கு உரிந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. பதிவை ஓட்டிப் பார்த்தேன். வாளி மண்ணில் இறங்கும் ஒவ்வொரு அடியும் அருவியில் சுத்தமாக இருந்தது.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எங்கள் அமைப்புமுறை.

ஒரு கீறல்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் கிலாங்கியென் என்ற ஊரில் 2004 ஜூலை 30 அன்று ஒரு எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அங்கே நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் ஒன்று குழாயை முன்பே கீறியிருந்தது. கீறிய அன்று ஒன்றும் ஆகவில்லை. கீறல் காத்திருந்தது, அழுத்தம் ஏறியபோது பிளந்தது. உலகம் முழுக்க எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஊரின் பெயர் தெரியும். குழாயை இயந்திரம் தொட்டது என்பது தொட்ட நிமிடத்திலேயே தெரிந்தால் குழாயை நிறுத்தலாம், தோண்டிப் பார்க்கலாம், சரிசெய்யலாம். தெரியாமல் போனால் அது மண்ணுக்குள் தேதி குறிக்காத ஒரு நாளாகக் கிடக்கும்.

அதன் பிறகு அமைப்பை மாற்றினோம். 40 கிலோமீட்டருக்கும் ஒரே அளவு உணர்திறன் என்பதை விட்டோம். ரயில் குறுக்கிடும் இடம், கல்குவாரிப் பக்கம், மோட்டார் கொட்டகை, பள்ளிக்கூட மைதானம் என்று பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சாதாரண சத்தம் எது என்று எழுதினோம். எந்த ஊருக்கு எந்த வாரம் மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை சுவரில் ஏறியது. அந்த நேரத்தில் அந்த வயலில் மண்வெட்டி விழுந்தால் லைன் வாக்கருக்கு ஒரு போன் போகும். கரண்ட் இல்லாத நேரத்தில் விழுந்தால் வண்டி போகும். மடை வெட்டுகிறவர் கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு அடுத்த மடைக்கு நகர்வார். திருட வந்தவன் ஒரே இடத்தில் நிற்பான், குழி ஆழமாக ஆக அவன் மண்வெட்டிச் சத்தம் பலமாகிக்கொண்டே வரும். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த லைன் வாக்கர் அண்ணன்தான். பிறகு அதையே கணினிக்குக் கற்றுக்கொடுத்தோம். அலாரங்கள் குறைந்தன. குறைந்ததும் பையன்கள் ஒவ்வொன்றையும் கேட்கத் தொடங்கினார்கள்.

தொழிலில் சந்தோஷமான நாட்களும் உண்டு. குழாயைச் சுத்தம் செய்ய உள்ளே 'பிக்' என்ற உருளையை விடுவார்கள். எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். 12 மீட்டர் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்துத்தானே பாதை முழுவதும் செய்திருக்கிறார்கள். பிக் ஒவ்வொரு பற்றவைப்பையும் தாண்டும்போது ஒரு சின்னத் தட்டு. திரையில் அது சீரான புள்ளிகளாக, நூல் பிடித்த மாதிரிப் போகும். முன்பெல்லாம் பிக் எங்கே போகிறது என்று அறிய வால்வு நிலையத்துக்கு வால்வு நிலையம் ஆள் நிற்க வேண்டும், தரையில் காதை வைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. ஒரு தரம் பிக் நின்றுவிட்டது. நின்ற இடத்தைச் சில மீட்டருக்குள் சொன்னோம். அன்று எங்கள் நோட்டுக்கு மரியாதை கிடைத்தது.

ஒலியைத் தவிர வெப்பத்தையும் இதே கண்ணாடி சொல்லும். சிதறும் ஒளியில் ஒரு மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்புகிறது. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்டறிந்தது இதைத்தான். அவரோடு அந்த ஆய்வில் இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். நிறம் மாறிய ஒளியில் இரண்டு பக்கம் உண்டு: ஆற்றல் குறைந்து திரும்புவது, ஆற்றல் கூடித் திரும்புவது. கூடித் திரும்பும் ஒளி வெப்பத்துக்கு ஏற்ப வெகுவாக மாறும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் இழையின் ஒவ்வொரு மீட்டரிலும் வெப்பநிலை தெரியும். எரிவாயு கசிந்தால் விரிவடையும்போது அந்த இடம் குளிரும். சூடான எண்ணெய் கசிந்தால் சுடும். மண் அணைகளில் எங்கே நீர் ஊறிப் போகிறது என்பதையும், பூமிக்கடியில் போகும் உயர்மின் கேபிள் எங்கே சூடேறுகிறது என்பதையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். திருச்சியில் பிறந்த ஒருவர் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு காவிரிக் கரையில் வேலை பார்க்கிறோம் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

அசாம், வட வங்கப் பக்கம் ரயில் பாதையில் யானைகள் அடிபடாமல் இருக்க, வடகிழக்கு எல்லை ரயில்வே 'கஜராஜ்' என்ற பெயரில் எங்களுடைய இதே ஒலியுணர்வு முறையைப் பயன்படுத்துகிறது. பாதையோரம் கிடக்கும் ஒளியிழை யானையின் நடையை அடையாளம் கண்டு, ரயில் ஓட்டுநருக்கும் நிலையத்துக்கும் சொல்கிறது. அதைப் படித்தபோது அங்கேயும் யாரோ ஒருவர் பாதை நெடுகச் சம்மட்டி அடித்து நோட்டில் எழுதியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கருவி வாங்கும் அதிகாரிகளிடம் நான் இப்போதெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நடக்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். சம்மட்டி அடியை வேலை முடிந்த அன்று ஒரு தரம் நடக்கும் சடங்காக வைக்காதீர்கள். வருடம் ஒரு தரம், ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் ஒரு தரம் நடத்துங்கள். லைன் வாக்கரைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிவந்து அவர் நடையையே திரையில் காட்டுங்கள். எங்கள் அண்ணன் முதல் தடவை தன் காலடியை அந்த மெல்லிய கோட்டில் பார்த்தபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு வருஷம் நான் நடந்ததுக்கு இப்பத்தான் சாட்சி கிடைச்சிருக்கு" என்றார்.

வயல் வைத்திருப்பவர்களுக்கும் ஜேசிபி ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. குழாய் போகும் நிலம் உங்களுடையதுதான். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டப்படி நிறுவனத்துக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். உழலாம், நடலாம், அறுக்கலாம், மடையும் வெட்டலாம். அந்தப் பட்டையில் கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. குழாய் மூன்று நான்கு அடி ஆழத்தில்தான் இருக்கிறது. ஜேசிபியின் வாளிக்கு அது ஒரே மூச்சு. பாதையோரம் நிற்கும் மார்க்கர் கம்பத்தில் ஒரு போன் நம்பர் எழுதியிருக்கும். தோண்டுவதற்கு முன் அந்த நம்பருக்கு ஒரு போன் செய்யுங்கள். ராத்திரியானாலும் எடுப்போம். ஒருவர் வந்து குழாய் எங்கே போகிறது என்று காட்டிவிட்டு, வேலை முடியும்வரை உங்கள் பக்கத்திலேயே நிற்பார்.